60 லிட்டர் பவளத் தொட்டிக்குப் புரோட்டீன் ஸ்கிம்மர் அவசியமா?

கேள்வி: செங்காங் வாசகர், 2 மார்ச் 2024

அண்ணன், நாங்கள் சிங்கப்பூர் செங்காங்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கிறோம். வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்து ஆறு வாரங்கள் ஆகின்றன. தண்ணீர் ஏறத்தாழ 60 லிட்டர். உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியேறிய கடற்பாறை) ஏழு கிலோ, கோமாளி மீன் இரண்டு, துப்புரவு இறால் ஒன்று, காளான் பவளம், ஸோவாந்திட் (பவளத்துக்கு உறவான கூட்டுயிர்), சிறிய தோல் பவளம் ஒன்று. நுரை எழுப்பிக் கழிவை எடுக்கும் ஸ்கிம்மர் என்ற கருவி இல்லாமல் பவளம் வளர்க்கவே முடியாது என்று கடைக்காரர் சொல்கிறார். விலை 220 வெள்ளி. என்னோடு வேலை செய்யும் ஒருவரோ பத்து ஆண்டுகளாக ஸ்கிம்மர் இல்லாமலே வளர்ப்பதாகச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

2 மார்ச் 2024, இரவு 10:40

தம்பி, இப்போது நீங்கள் வைத்திருக்கும் தொட்டிக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஆனால் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். கடைக்காரரும் உங்கள் நண்பரும் அதை விளக்காமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

பருப்பு கொதிக்கும்போது மேலே நுரை திரள்வதையும், அதை வீட்டில் கரண்டியால் வழித்து எடுப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஸ்கிம்மர் செய்வதும் ஏறக்குறைய அதுதான். மீன் கழிவிலிருந்தும், பவளம் வெளியிடும் கோழையிலிருந்தும், மிஞ்சிய தீவனத்திலிருந்தும் தண்ணீரில் கரையும் கரிமப் பொருள்களில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை தண்ணீரை விலக்கும். அப்படிப்பட்ட மூலக்கூறுகள் காற்றுக் குமிழியின் மேற்பரப்பைக் கண்டதும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் குழாய்க்குள் மேலேறி நுரையாகி, கழுத்தைத் தாண்டிக் குவளையில் விழுந்து கசடாகத் தேங்கும். உப்புநீரில் குமிழிகள் எளிதில் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாவதில்லை என்பதால் பொடிக் குமிழிகள் நெடுநேரம் நிலைக்கின்றன. நன்னீர்த் தொட்டியில் இந்தக் கருவி சரிவர வேலை செய்யாததற்கு அதுவே முக்கியமான காரணம்.

ஆகவே இது கழிவை அழுகுவதற்கு முன்பே வெளியேற்றும் ஒரு வழி. உங்கள் தொட்டியில் இரண்டு சிறிய மீன்கள்தாம் இருக்கின்றன. அவற்றின் கழிவை வாரம் பத்து விழுக்காடு, அதாவது ஆறு லிட்டர் தண்ணீரை மாற்றுவதன் மூலமே வெளியேற்றிவிடலாம். ஒரு வாளி போதும். 400 லிட்டர் தொட்டி வைத்திருப்பவருக்கு அது நாற்பது லிட்டர் உப்புநீர். அவர் ஸ்கிம்மரை நாடுவதில் நியாயம் இருக்கிறது. மேலும் காளான் பவளமும் ஸோவாந்திட்டும் தோல் பவளமும் ஓரளவு சத்துள்ள தண்ணீரில் நன்றாகவே வளர்பவை.

3 மார்ச் 2024, காலை 7:15

ஈசூனிலிருந்து ஒரு வாசகர், பத்து விழுக்காடு போதும் என்று எந்தக் கணக்கை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம். நான் கணக்குப் போடாமல் பழக்கத்தால் எழுதிவிட்டேன், இப்போது போடுகிறேன்.

கழிவு சிதைந்து கடைசியில் நைட்ரேட் ஆகிறது. அது வாரத்துக்கு 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் பத்து விழுக்காடு தண்ணீரை மாற்றினால் நைட்ரேட் முதலில் ஏறிக்கொண்டே போய், ஏறுவதும் இறங்குவதும் சமமாகும் இடத்தில் நிற்கும். அந்த இடம், மாற்றுவதற்கு முன் 20, மாற்றிய பின் 18. இருபது விழுக்காடு மாற்றினால் அது மாற்றுவதற்கு முன் 10, மாற்றிய பின் 8 என்ற அளவில் நிற்கும். வேறு எதுவும் நைட்ரேட்டைக் குறைக்கவில்லை என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு இது. உயிர்ப்பாறையின் உட்புறத்தில் ஆக்சிஜன் குறைந்த இடங்களில் வாழும் பாக்டீரியா கொஞ்சம் நைட்ரேட்டைத் தின்றுவிடும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும்.

எனவே நேற்று சொன்னதைத் திருத்துகிறேன்: வாரம் பத்திலிருந்து தொடங்குங்கள், இரண்டு மாதங்கள் அளந்து பார்த்து, எண் 15-ஐத் தாண்டினால் இருபதுக்குப் போங்கள், அதாவது பன்னிரண்டு லிட்டர். ஸ்கிம்மர் இருந்தால் இந்த நைட்ரேட் தானாக வெளியேறிவிடும் என்பதால்தான் பெரிய தொட்டிக்காரர்கள் குறைவாக மாற்றுகிறார்கள்.

3 மார்ச் 2024, மதியம் 1:05

மேலே எழுதிய கடைசி வாக்கியம் தவறு. ஸ்கிம்மர் நைட்ரேட்டை எடுக்காது. அது குமிழியில் ஒட்டும் பொருளே அன்று. பாஸ்பேட்டின் கரைந்த கனிம வடிவமும் அப்படியே. அவையாக மாறக்கூடிய கரிமப் பொருளையும் மிதக்கும் துகள்களையும் முன்கூட்டியே எடுப்பதால் அவை உருவாகும் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே 40 பிபிஎம் ஏறிவிட்ட தொட்டியில் புதிதாக ஸ்கிம்மரை மாட்டிவிட்டு எண் இறங்குமென்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை மாற்றினால்தான் அது இறங்கும்.

5 மார்ச் 2024

குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் இருக்கிறது. குளோரினைப் போல ஓரிரவு திறந்து வைத்தால் போய்விடாது. ஆர்ஓ வடிகட்டியிலும் (நுண்சவ்வு வழியாக வடிப்பது) டிஐ பிசினிலும் (கரைந்த அயனிகளை நீக்குவது) கடந்து வந்த நீரில் உப்பைக் கரையுங்கள். இதைச் செய்யாத தொட்டியில் ஸ்கிம்மர் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

9 மார்ச் 2024

‘ஸ்கிம்மர் இல்லாமல் முடியவே முடியாது’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். நான் அறிந்தவரை இதில் இரண்டு மரபுகள் உண்டு. மூத்த மரபு நமக்கு அண்டை வீடு.

ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் 1961-ல் தம் முறையை ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் எழுதினார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறை, நல்ல வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழி, இவ்வளவுதான் அவருடைய தொட்டி. ஸ்கிம்மர் கிடையாது. வெப்பமண்டலத்தில், கடலுக்கு அருகில், புதிய கடல்நீர் கைக்கு எட்டும் தூரத்தில் வாழ்ந்தவருடைய முறை அது.

மற்றது, பெர்லின் முறை என்று பெயர் பெற்றது. பீட்டர் வில்கன்ஸ் போன்றோர் வழியாகப் பரவிய அந்த முறையில் உயிர்ப்பாறையோடு வலுவான ஸ்கிம்மரும் சேர்ந்தது. கடலிலிருந்து வெகு தொலைவில், ஒவ்வொரு லிட்டர் உப்புநீரையும் பொட்டலத்திலிருந்து கரைக்க வேண்டியவர்களுக்கு அது பெரும் விடுதலை. அவர்களுடைய நூல்களும் கருவிகளும் உலகெங்கும் போனபோது, அவர்களுடைய தேவையே எல்லாருக்குமான விதியாகப் போய்விட்டது என்பது என் கணிப்பு. இதற்கு எதிர்த்திசையில், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி, பாசித் தட்டுகளை வளர்த்து அறுவடை செய்வதன் மூலமே சத்துகளை வெளியேற்றினார்; ஸ்கிம்மர் மிதவையுயிர்களையும் சேர்த்து வாரிவிடுகிறது என்பது அந்தப் பக்கத்தாரின் குறை.

அளந்து பார்த்தவர் ஒருவரும் உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009-ல் வெளியிட்ட சோதனையில், ஸ்கிம்மர்கள் தண்ணீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 35 விழுக்காடு வரைதான் எடுத்தன. விலை உயர்ந்த கருவியும் மிச்சத்தைத் தொடவில்லை. 2010-ல் அவர் கசடையே பகுத்தாய்ந்தபோது, அதில் கரிமப் பொருளோடு கால்சியம் கார்பனேட்டும் சிலிக்காவும் கணிசமாக இருந்தன. குவளையில் கறுப்பாகத் தேங்கியிருப்பதைக் காட்டி, ‘இவ்வளவு நஞ்சும் உங்கள் தொட்டியில் இருந்தது’ என்று சொல்பவர்களிடம் இதை நினைவுபடுத்துங்கள்.

23 மார்ச் 2024, நள்ளிரவு

மூன்று வாரங்களாக ஸ்கிம்மருக்கு எதிராகவே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று மனைவி சொன்னார். உண்மைதான். என் வீட்டில் நடந்ததை எழுதாமல் இந்த இழையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

2016-ல் என்னிடம் நான்கடித் தொட்டி இருந்தது. சம்ப்போடு (அலமாரிக்குள் வைக்கும் துணைத் தொட்டி) சேர்த்து 250 லிட்டர் தண்ணீர். அந்த ஆண்டு ஜூன் மாதம், மேலே சொன்ன வாதங்களையெல்லாம் படித்துவிட்டு, ஸ்கிம்மரைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். ஐந்து மாதங்கள் ஓடின. தோல் பவளம் இரு மடங்கானது. தூரிகை போல விரியும் குழாய்ப் புழுக்கள் பாறையெங்கும் முளைத்தன. கண்ணாடியில் பாசி சற்றுக் கூடியது, அக்ரோபோரா என்ற கல்பவளங்கள் இரண்டு பழுப்பேறின, பாஸ்பேட் 0.03-லிருந்து 0.12-க்குப் போனது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் ஆதாயமே என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

நவம்பரில் ஒரு நாள் மாலை தொடங்கிய மழை இரவு முழுதும் விடவில்லை. தொட்டி இருந்த அறையில் விருந்தினர் படுத்திருந்ததால் சன்னல்களை அடைத்துக் குளிர்சாதனத்தை ஓடவிட்டிருந்தோம். அன்று மாலை பவளங்களுக்குத் தூள் தீவனம் தாராளமாகக் கொடுத்திருந்தேன். இரண்டு சுழற்சிப் பம்புகளில் ஒன்று நத்தை சிக்கி நின்றுவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை. காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டபோது ஆந்தியாஸ் மீன்கள் மூன்றும் மணலில் கிடந்தன. ஆறு ஆண்டுகளாக எங்களோடு இருந்த மஞ்சள் டாங் நீர்மட்டத்தில் வாயை வைத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. பிஎச் (நீரின் அமில, கார அளவு) 7.6. குடுவையால் தண்ணீரை முகந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். என் மகள் பள்ளிச் சீருடையோடு அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு முன்பே டாங்கும் போய்விட்டது.

முதலில் நோய் என்று நினைத்தேன். பவளங்கள் ஒன்றுகூட வாடாததையும், மறுநாள் பிஎச் தானாக 8.0-க்கு ஏறியதையும் பார்த்த பிறகுதான் விளங்கியது. கழிவை அகற்றுவதைப் பற்றியே ஐந்து மாதம் யோசித்த நான், அந்தக் கருவி இரவு பகலாகத் தொட்டிக்குள் காற்றை ஊட்டிக்கொண்டிருந்ததை எண்ணிப் பார்க்கவே இல்லை.

24 மார்ச் 2024

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. இது முதல் பதிவின் திருத்தமும் ஆகும்.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். சாதாரணக் கடலுப்பு அளவில், 25 பாகையில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம், 30 பாகையில் சுமார் 6.2. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத சிங்கப்பூர்த் தொட்டி பகலில் 30-ஐத் தொடுவது வெகு சாதாரணம். அதே சூட்டில் மீனும் பாக்டீரியாவும் கூடுதலாக மூச்சு விடும். விளக்கு அணைந்த பிறகு பாசியும் பவளத்துக்குள் வாழும் நுண்பாசியும்கூட ஆக்சிஜனை உண்டாக்குவதை நிறுத்திவிட்டுச் செலவழிக்கத் தொடங்கும். அறையை அடைத்துக் குளிர்சாதனத்தைப் போட்டு நால்வர் உறங்கினால் அறைக் காற்றில் கரியமில வாயு ஏறும்; அது தண்ணீரிலும் கரைந்து பிஎச்சை இறக்கும். ஆக, நம் ஊரில் விடியற்காலைதான் தொட்டிக்கு ஆபத்தான நேரம்.

எனவே செங்காங் தம்பிக்கு: ஸ்கிம்மர் வேண்டாம் என்று நான் சொன்னது கழிவைப் பொறுத்தவரை இன்றும் சரி. மூச்சைப் பொறுத்தவரை அதற்கு ஈடாக ஏதாவது இருக்க வேண்டும். பம்பின் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீர்மட்டம் நடுங்கிக்கொண்டே இருக்கும்படி வையுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் போல ஏதாவது படிந்தால், மேல்மட்ட நீர் வழிந்து போகும் வழி ஒன்றை அமையுங்கள். அந்தப் படலமும் காற்றை மறிக்கும். மின்சாரம் நின்றால் தானாக ஓடும் பேட்டரிக் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள். எல்லாம் சேர்த்தாலும் 220 வெள்ளியில் சிறு பகுதிதான் ஆகும்.

2 ஏப்ரல் 2024

பொங்கோல் வாசகர் ஒருவர், ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே விட்டால் பிஎச் ஏறுமா என்று கேட்கிறார். ஏறும். என் இப்போதைய தொட்டியில் விடியற்காலை 7.8 என்று இருந்தது, குழாயை வெளியே விட்ட பிறகு 8.0 ஆனது. செலவில்லாமல் கிடைத்த பலன்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். கொசுவை ஒழிக்கப் புகை அடிக்கும் நாள்களில் குழாயை உள்ளே இழுத்து, சன்னலை அடைத்துவிடுங்கள். அந்தப் புகையில் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும், அதைவிட இறாலுக்கும் நண்டுக்கும் கொடிய நஞ்சு. ஸ்கிம்மர் அதைத் தேடி உறிஞ்சித் தண்ணீரில் கலந்துவிடும். எங்கள் புளோக்கில் அறிவிப்பு ஒட்டினால் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வேன். அடுத்தது புகைமூட்டம். 2013 ஜூன் 21 அன்று நண்பகலில் காற்றுத் தரக் குறியீடு 401-ஐத் தொட்டதே, அந்த வாரம் முழுவதும் குழாயை உள்ளே வைத்துக் கரித்தூள் பையைச் சம்ப்பில் போட்டிருந்தேன். அதனால்தான் தப்பித்தோமா என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் எதையும் இழக்கவில்லை.

2 ஏப்ரல் 2024, இரவு

மின்கட்டணம் பற்றி: 20 வாட் பம்பு மாதம் முழுதும் ஓடினால் ஏறத்தாழ 14 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் நான்கு வெள்ளிக்குச் சற்று மேல். செலவுக்கு அஞ்சித் தவிர்க்க வேண்டியதில்லை. சில்லர்தான் பணத்தைத் தின்னும்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகள். இன்று காலை இருவர் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறீர்கள்: நேற்று வரை நன்றாக நுரைத்த ஸ்கிம்மர் இன்று நுரைக்கவே இல்லை, பம்பு பழுதா? எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அந்தக் கையைத் தொட்டிக்குள் விட்டீர்களா என்று கேட்டேன். இருவரும் ஆம் என்கிறார்கள். எண்ணெய் நுரையை உடைக்கும். சில மணி நேரத்திலோ ஒரு நாளிலோ தானாகச் சரியாகிவிடும். கருவியைக் கழற்ற வேண்டாம். பவளத்தை ஒட்டும் பசைகளில் சில இதற்கு நேர்மாறானவை. அவற்றைப் பயன்படுத்தும் நாளில் நுரை பொங்கிக் குவளை நிரம்பித் தரையெல்லாம் வழியும். அன்று குவளையைக் கழற்றி வையுங்கள்.

புதிதாக வாங்கியவர்கள் ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். உட்சுவரில் மெல்லிய படலம் படிந்த பிறகே நுரை நிலைக்கும். கழுத்தை வாரம் ஒருமுறை துடையுங்கள்; காற்று நுழையும் துளையில் உப்பு அடைத்தால் வெதுவெதுப்பான நீர் விடுங்கள்.

28 ஏப்ரல் 2024

நேற்று சிங்கப்பூரின் தென்தீவுகளில் ஒன்றான புலாவ் ஹந்துவில் கடலுக்குள் மூழ்கினேன். கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரியும் அளவுக்குக் கலங்கல். இந்தக் கலங்கலில்தான் நம் தென்தீவுகளின் பவளங்கள் வாழ்கின்றன. ஏறக்குறைய 250 வகைக் கல்பவளங்கள் இந்தச் சிறிய கடற்பரப்பில் பதிவாகியிருக்கின்றன. கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் பெரும்பகுதிப் பாறைத்திட்டுகள் போய், எஞ்சியவை வண்டலைச் சகித்துக்கொண்டு நிற்கின்றன. சிஸ்டர்ஸ் தீவுகளில் 2014-ல் நம் முதல் கடல்சார் பூங்கா அமைந்ததே, அங்கும் நீரின் நிறம் இதுதான்.

பவளம் என்றாலே பளிங்கு போன்ற நீர் வேண்டும் என்ற எண்ணத்தை இங்கே ஒருமுறை மூழ்கினால் விட்டுவிடுவோம். அதே வேளையில் இன்னொன்றையும் கவனித்தேன்: அவ்வளவு சத்தும் வண்டலும் இருந்தும், அலையும் நீரோட்டமும் ஒரு கணம்கூட நிற்கவில்லை. உணவு நிறைந்த தண்ணீர், ஆனால் தேங்காத தண்ணீர். 2016-ல் நான் என் தொட்டிக்கு அதன் முதற்பாதியை மட்டும் கொடுத்திருந்தேன்.

11 மே 2024

கடினமான அக்ரோபோரா வளர்ப்பவர்கள் என் மீது வருத்தப்பட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஸ்கிம்மரைப் பரிந்துரைக்கவே செய்கிறேன். மீன் நிறைய, தீவனம் நிறைய, பாஸ்பேட் மட்டும் குறைவாக என்று விரும்பும் தொட்டிக்கு அது வேண்டும். வோட்காவோ வினிகரோ ஊற்றிப் பாக்டீரியாவைப் பெருக்கிச் சத்துகளைக் குறைக்கும் முறையில் இருப்பவர்களுக்கு அது கட்டாயம்: பெருகிய பாக்டீரியாவை வெளியேற்றவும் வேண்டும், அது குடிக்கும் ஆக்சிஜனை ஈடுகட்டவும் வேண்டும். ஆனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியமாகும் வரை ஓட்டாதீர்கள். பவளம் வெளிறும், பழுப்பு நிறத்தில் கோழை போலப் படரும் டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர் அந்த இடத்தைப் பிடிக்கும். அதை ஒழிக்க ஒரு நண்பர் ஏழு மாதம் போராடினார்.

17 ஆகஸ்ட் 2024

செங்காங் தம்பி ஐந்தரை மாதத்துக்குப் பிறகு எண்களை அனுப்பியிருக்கிறார்: நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.06, விடியற்காலை பிஎச் 7.9. தண்ணீர் மாற்றம் மே மாதத்திலிருந்து வாரம் பன்னிரண்டு லிட்டர். தோல் பவளம் நான்கு நாளாகச் சுருங்கி மெழுகு பூசியது போல இருக்கிறது, இப்போதாவது ஸ்கிம்மர் வாங்கட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் தம்பி, அது தோல் உரிக்கிறது. நீரோட்டத்தைச் சற்று அதன் பக்கம் திருப்புங்கள். ஓரிரு வாரத்தில் உரித்துவிட்டு விரியும்.

25 ஆகஸ்ட் 2024

உரித்துவிட்டதாகப் படம் அனுப்பியிருக்கிறார். கூடவே அடுத்த ஆண்டு நான்கடித் தொட்டிக்குப் போகும் எண்ணமும், டாங் மீன் ஆசையும் வந்துவிட்டன. அந்தத் தொட்டிக்கு என் பதில் வேறு. சம்ப் செய்யக் கொடுக்கும்போதே ஸ்கிம்மருக்கென்று தனி அறை ஒதுக்கி, அங்கே நீர்மட்டம் ஏறாமல் இறங்காமல் நிற்கும்படி தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். எத்தனை சென்டிமீட்டர் ஆழம் வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும், ஆகவே கருவியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகு கண்ணாடியை வெட்டக் கொடுங்கள். குவளையை மேலே தூக்கி எடுக்க அலமாரிக்குள் இடமிருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். நான் அதை அளக்காமல் விட்டு, பிறகு பலகையை அறுக்க வேண்டியதாயிற்று.